அண்ணன் துப்பாக்கிக்கு வார் மாட்டிய கதை

போன வாரம் போடி பஸ் ஸ்டாண்டு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒருவர் பேப்பரைச் சத்தமாக வாசித்தார். தேர்தல் வருகிறதாம், லைசென்சு துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லாரும் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டுமாம். எனக்குள் ஒரு குஷி கிளம்பி, உடனே அணைந்தும் போயிற்று. அந்தச் செய்திக்குச் சந்தோஷப்பட இப்போது எனக்கு ஒரு காரணமும் இல்லை.

டீயில் ஏலக்காயைத் தாராளமாகத் தட்டிப் போட்டிருந்தார்கள். ஏலக்காய் வாசனை வந்தால் மற்றவர்களுக்குப் பாயசம் ஞாபகம் வரும். எனக்கு என் அண்ணனின் துப்பாக்கி வார் ஞாபகம் வரும், கூடவே கோபமும் வரும்.

அது அப்பா காலத்து மருந்துத் துப்பாக்கி. குழல் வாயில் வெடிமருந்தைக் கொட்டி, ஒரு கம்பால் இடித்து இறுக்கினால்தான் வெடிக்கும். அந்தக் கம்பு குழலுக்கு அடியிலேயே, கட்டையில் வெட்டிய பள்ளத்துக்குள் செருகிக் கிடக்கும். பயிரைக் காப்பாற்ற அப்பாவுக்குக் கொடுத்த லைசென்சு, அவர் போனபின் மூத்தவர் பேருக்கு மாறியது. அன்றிலிருந்து வீட்டில் எந்தப் பேச்சுக்கும் ஒரே பதில்தான். இன்றைக்கு மோட்டார் போடுவது யார் முறை என்று கேட்டாலும், "லைசென்சு யார் பேருல இருக்கு?" என்பார். மதினி வைத்த குழம்பில் உப்பு குறைவு என்று நான் சொன்னதற்கும் அதே பதில் வந்திருக்கிறது. நானோ பட்டம் வாங்கிவிட்டு, வேலை கிடைக்காமல், எங்கள் சோளக்காட்டுக் காவலுக்குப் போய்க்கொண்டிருந்தவன். எதிர்த்துப் பேச வாயில்லை.

எங்கள் காடு ராசிங்காபுரத்துக்கு மேற்கே, மலைச்சரிவு தொடங்குகிற இடத்தில் இருந்தது. மக்காச்சோளம், இருவருக்கும் சேர்ந்த வெள்ளாமை. கதிர் முற்றுகிற நேரம் பார்த்துப் பன்றி இறங்கும். அந்தச் சரிவில் ஏற இரண்டு கையும் வேண்டும். அண்ணனுக்கு ஒரு கையில் துப்பாக்கி, உடம்போ கனத்த உடம்பு. ஒருநாள் சறுக்கி விழுந்து எழுந்தவர், "இதுக்கு ஒரு வாரு போட்டாத்தான் சரிப்படும்" என்றார்.

ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போய் ஓய்ந்துபோன ஒரு ஜீப்பிலிருந்து சீட் பெல்ட்டைக் கழற்றி வந்தார். ஜீப்பில் உருப்படியாக இருந்தது அது ஒன்றுதான். ஆள்மேல் ஆள் உட்கார்ந்து போடிமெட்டு ஏறுகிற வண்டியில் பெல்ட்டை யார் தேடினார்கள்? ஆனால் மூட்டை மூட்டையாக இறங்கிய ஏலக்காயின் மணம் அதில் ஊறியிருந்தது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு அண்ணன் பக்கத்தில் வந்தால் கல்யாண வீட்டு மணம் அடிக்கும். வாயைத் திறந்தாரென்றால் போய்விடும்.

லேத்துப் பட்டறையில் திருகாணியோடு இரண்டு பித்தளை வளையம் செய்து வாங்கினார். மதுரையில் துப்பாக்கி ரிப்பேர் பார்ப்பவரிடம் மாட்டிக்கொள்ளலாமே என்றேன். காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. மருந்து இடித்து வைத்திருந்த துப்பாக்கியை அப்படியே மடியில் கிடத்தித் துளை போட்ட மகானுபாவர் அவர். பின்பக்க வளையம் ஒழுங்காக உட்கார்ந்தது. அங்கே மரம் கனம். முன்பக்க வளையம் குழலுக்கு அடியில் வர வேண்டும். அங்கே மரம் மெல்லிசு, உள்ளேயே கம்பு கிடக்கிறது.

"அண்ணே, அந்தத் திருகாணி நீளம்" என்றேன்.

"ஒன் சோலியப் பாருடா. லைசென்சு யார் பேருல இருக்கு?"

மூச்சுப் பிடித்துத் திருகினார். வாரை மாட்டித் தோளில் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் வீசி வீசித் தெருவில் ஒரு நடை போய் வந்தார்.

மறுவாரமே, விடிந்தும் விடியாமலும் பன்றிக் கூட்டம் இறங்கியது. இடித்து வைத்திருந்த வெடியைப் போட்டார். கூட்டம் கலைந்து, திரும்பவும் வந்தது. அவசரமாக மருந்தைக் கொட்டிவிட்டுக் கம்பை உருவினார், வரவில்லை. திருகாணி மரத்தைத் தாண்டிக் கம்பைக் கவ்வியிருந்தது. "புடிடா வெரசா" என்றார். அவர் கட்டைப் பக்கம், நான் கம்பின் நுனிப் பக்கம், இருவரும் இழுத்தோம். பன்றிகள் கண்ணெதிரே நிதானமாகக் கதிரைத் தின்றுகொண்டிருந்தன. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நன்றாகவே சிரித்தேன்.

"சிரிக்கிறியா? இனிமே ஒன் காட்டுல நீ சிரி. என் காட்ட நான் பாத்துக்கிறேன்."

மிஞ்சிய கதிரை ஒடிக்குமுன் காட்டைப் பிரித்தோம். மேல்பாதி அவருக்கு, கீழ்பாதி எனக்கு. அதற்குப் பிறகு அவர் மேலே வெடி போடுவார். மிரண்ட பன்றிகள் நேராக என் சோளத்துக்குள் இறங்கும். மலையடிப் பக்கம் போய் நின்றுகொண்டு வேண்டுமென்றேதான் போட்டார், சந்தேகமே வேண்டாம். தேர்தல் வந்தால் மட்டும் துப்பாக்கி ஸ்டேஷனுக்குப் போய்விடும். பன்றிகள் இரண்டு காட்டிலும் பாரபட்சம் இல்லாமல் மேயும். எந்தக் கட்சிக்காரனும் என்னைப் போல் தேர்தலுக்கு ஏங்கியிருக்க மாட்டான்.

பேச்சு அடியோடு நின்றது. தோளில் துப்பாக்கி, கையில் ஓர் இரும்புக் கம்பி, இந்தக் கோலத்தில் என் காட்டோரமாக ஏறிப் போவார். அந்தக் கம்பி என்னை அடிக்கத்தான் என்று நினைத்திருந்தேன். நானும் மண்வெட்டியைக் கைக்கெட்டுகிற தூரத்தில்தான் வைத்திருப்பேன்.

அண்ணன் போய்ச் சேர்ந்தபின் மேல்காட்டை அவர் மகன் விற்றுவிட்டான். வாங்கியவர் சுற்றி வேலி போட்டுக் காட்டேஜ் கட்டிவிட்டார். நானும் சோளம் போடுவதில்லை. லைசென்சும் வேண்டாமென்று அவன் துப்பாக்கியை ஒரேயடியாக ஒப்படைக்கப் போனபோது, "சித்தப்பா, நீங்களும் வாங்க" என்று கூப்பிட்டான். போனேன். ஸ்டேஷனில் ஏட்டு துப்பாக்கியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, கம்பை உருவப் பார்த்தார்.

"என்னப்பா, வரமாட்டேங்குது?"

"அது வராது சார். அப்பா தனியா ஒரு இரும்புக் கம்பி வச்சுத்தான் இடிப்பாரு. அந்தத் திருகாணியக் கழட்டவே விடல."

கை இரண்டும் சும்மா இருக்க வேண்டும் என்று வார் போட்ட மனுஷர், நான் நீளம் என்று சொல்லிவிட்ட ஒரே காரணத்துக்காக, சாகிறவரை ஒரு கையில் கம்பியோடு சரிவு ஏறியிருக்கிறார். அவர்மேல் அப்படியொரு ஆத்திரம் அதற்குமுன் எனக்கு வந்ததில்லை. திட்டுவதற்கு ஆளைத்தான் காணோம்.

"அந்தத் திருகாணி நீளம்" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.

"ஆமாமா, நீளந்தான்" என்று சொல்லிவிட்டு ஏட்டு வாரைச் சுற்றிக் கட்டினார். அறை முழுக்க ஏலக்காய் மணத்தது. லைசென்சு யார் பேரில் இருக்கிறது என்று யாரும் என்னைக் கேட்கவில்லை.