எங்க சந்துக்கு ரோடு வந்த வருஷம்

சிதம்பரத்துல எங்க சந்துக்கு ரோடு கேட்டு மனு எழுதினதே நான்தான். அதை முதல்லயே சொல்லிடறேன். யாரையும் திட்டறதுக்கு எனக்கு வாய் கிடையாது.

எங்க வீட்டுக்காரருக்குக் கண் பார்வை இல்ல. தெற்கு வீதி முனையில எஸ்.டி.டி. பூத் வச்சிருந்தார். குச்சியை ஊனிக்கிட்டுத் தனியாத்தான் போவார், தனியாத்தான் வருவார். கடலூர் ஓல்டு டவுன்லேருந்து கல்யாணமாகி வந்த புதுசுல ஒருநாள் அவர் கையைப் பிடிக்கப் போனேன். "எனக்கு வழி தெரியும், நீ அடுப்பப் பாரு"ன்னு உதறிட்டார். அவ்வளவு ரோஷம். குழாயடிப் பள்ளம், மாவு மில் எதிர்ல பேந்து கிடக்கற ஜல்லி, சாக்கடை மூடி ஆடற இடம், எல்லாம் அவர் காலுக்கு மனப்பாடம். நான்தான் வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு வாசல்ல நிப்பேன். ஒரு மழையில குழாயடியில விழுந்து முட்டியெல்லாம் ரத்தமா வந்தார். அன்னிக்கு எழுதினதுதான் மனு. வீடு வீடாப் போய்க் கையெழுத்து வாங்கினேன்.

இரண்டாயிரத்து ஏழு வாக்குல வந்தாங்க, தோண்டினாங்க. பாதாள சாக்கடைக் குழாய் பதிச்சுட்டுத்தான் ரோடாம். ஆனித் தேர் வருதுன்னு வீதி முனையில மண்ணத் தள்ளி மூடினாங்க. தேர் நிலைக்கு வந்ததும் திரும்பத் தோண்டினாங்க. மார்கழித் தேருக்கும் அதே கூத்து. "என்ன, புதையலா எடுக்கறீங்க?"ன்னு சூப்பர்வைசரைப் புடிச்சுக்கிட்டேன். "பழைய ஊரு அக்கா, எங்க கை வச்சாலும் ஒரு குழா வருது. யாரு போட்டதுன்னே தெரியல"ன்னார் பாவம்.

எங்க வீட்டுக்காரரோ அசரல. குழி தாண்டப் போட்ட பலகை எந்த வீட்டு வாசல்ல, மண்மேடு எந்தப் பக்கம்னு வேலைக்காரங்ககிட்டயே கேட்டுக்குவார். ஒரே நடை, அப்புறம் பிசகாது. கண்ணு இருக்கறவங்களே நாலு பேர் விழுந்தாங்க, இவர் விழல. எனக்குக் கொஞ்சம் கர்வம்தான்.

ஒருவழியா சிமெண்டு ரோடு வந்துச்சு. இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடிக்கு கேரம் போர்டாட்டம். எதிர் வீட்டு அத்தை என் வாயில சர்க்கரையப் போட்டாங்க. ரோடு காஞ்சு தடுப்பை எடுத்த அன்னிக்குக் காலையில இவர் கிளம்பினார். பத்தடி போனதும் நடை தளர்ந்துச்சு. குச்சியால தட்டினார். செருப்பைக் கழட்டிட்டுக் காலால தடவினார். அப்புறம் நடுச் சந்துல அப்படியே நின்னுட்டார்.

ஓடினேன். "என்னங்க?"

"ஒண்ணுமே இல்லியே"ன்னார். "குழாயடி எங்க போச்சு? எல்லாம் ஒரே மாதிரி இருக்கு."

கோபமே இல்ல, சின்னப் பிள்ளையாட்டம் கேட்டார். மனு எழுதினது யாருன்னு அவருக்குத் தெரியும். ஆனாலும் குச்சியை இடது கைக்கு மாத்திக்கிட்டு, வலது கையை என் பக்கமா நீட்டினார். அந்தக் கைக்கு நான் எத்தனையோ வருஷம் ஏங்கியிருக்கேன். இப்படிக் கிடைக்கும்னு நினைக்கல. பிடிச்சுக்கிட்டு, சத்தம் வராம அழுதுகிட்டே, அவரை பூத் வரைக்கும் கூட்டிக்கிட்டுப் போனேன்.