எடுத்த தைராய்டு திரும்பி வந்தது

இன்று கும்மிடிப்பூண்டியில் ஓர் அதிசயம். பல வருடங்களுக்கு முன் அறுவை செய்து எடுத்த என் தைராய்டு சுரப்பி திரும்ப முளைத்துவிட்டது!

முழங்கால் அறுவைக்கு இன்ஷூரன்ஸ் அனுமதி ஏன் வரவில்லை என்று கேட்க மருத்துவமனைக்குப் போயிருந்தேன். நோய்களுக்குக் குறியீட்டு எண் போடும் மெடிக்கல் கோடிங் பெண், கணினியைத் திருப்பி என் ரிப்போர்ட்டைக் காட்டினாள். மேலே, "தைராய்டு அகற்றப்பட்டது." கீழே, "தைராய்டு இயல்பான அளவு."

"ரெண்டும் இருந்தா நான் இன்னா கோட் போடறதும்மா? அதான் இன்ஷூரன்ஸ்ல நிக்குது."

"கழுத்தில் தழும்பு இருக்கிறதே, பார்."

"நான் பாத்து இன்னா பண்றது? டாக்டர் எழுதாம நான் எதையும் மாத்தக் கூடாது."

இந்தக் கறார் எனக்கு உடனே பிடித்துவிட்டது.

டாக்டர் வந்தார். கழுத்தை நீட்டினேன். அசடு வழிந்தார்.

"எல்லாருக்கும் போடற வரிம்மா. அப்படியே ஒட்டிட்டோம்."

"தொட்டுப் பார்க்காத கழுத்துக்கு நற்சான்றிதழா, டாக்டர்?"

அந்தப் பெண் மேசைக்கடியில் குனிந்து சிரித்தாள். டாக்டர் அங்கேயே திருத்தினார். சாயங்காலமே அனுமதி வந்துவிட்டது!

ஆரம்பாக்கம் வரும்வரை ரயிலில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். நல்லவேளை, அந்த வரியில் "முழங்காலும் இயல்பு" என்று இல்லை.

உங்கள் ரிப்போர்ட்டையும் படித்துப் பாருங்கள். உங்களுக்கு என்ன முளைத்திருக்கிறது?