ஞாயிற்றுக்கிழமை வரை

எண்பதுகளின் கடைசியில் லண்டன் விம்பிள்டனில் எங்கள் வீட்டு மேலறைக்கு ஒரு ஜப்பானிய இளைஞன் வாடகைக்கு வந்தான். தொழில் கார்ப் பந்தயம். அப்போது பார்முலா த்ரீயில் ஓடிக்கொண்டிருந்தான். எல்லாவற்றுக்கும் மேலான பார்முலா வன்னுக்குப் போகவென்றே ஊரை விட்டு வந்தவன். அது கடைசிவரை அவனுக்கு எட்டவில்லை. தொண்ணூறுகளில் ஊர் திரும்பி, அங்கே சாதாரணக் கார்ப் பந்தயங்களில் ஓடினான். லண்டனில் சொந்தமாக ஒரு கார்கூட அவனிடம் இருக்கவில்லை.

"பஸ்ஸுக்கு நிக்கிற பெடியன் என்ன ரேஸ் ஓடப்போறான்?" என்று என் மனைவி சிரிப்பாள். அவனுக்கென்று உறைப்புக் குறைத்துக் கறி வைப்பதும் அவள்தான்.

அந்த வருடம் அவனுடைய அணியில் அடுத்த பருவத்துக்கு ஒருவருக்குத்தான் இடம். அவனுக்கும் ஓர் ஆங்கிலேயனுக்கும் போட்டி. ஞாயிற்றுக்கிழமை நடக்கும் கடைசிப் பந்தயத்தில் யார் முன்னால் வருகிறாரோ அவருக்கே கார்.

வெள்ளிக்கிழமை அவன் பயிற்சிக்குப் போனபிறகு ஜப்பானிலிருந்து அவன் அக்கா போன் எடுத்தாள். தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் சொன்னாள். அப்பாவுக்கு மூளையில் இரத்தக் கசிவாம். டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்களாம். பின்னால் தாயின் குரல் கேட்டது. பந்தயம் முடியும்வரை தம்பிக்குச் சொல்ல வேண்டாமென்று அம்மா கேட்கிறா, சொந்தக்காரர் யார் போன் எடுத்தாலும் அவனிடம் கொடுக்காதீர்கள் என்றாள் அக்கா.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நான் கொழும்பில் பல்கலைக்கழகம் போவதற்கான ஏ.எல். பரீட்சை எழுதிக்கொண்டிருந்தபோது யாழ்ப்பாணத்தில் அப்பா செத்துப்போனார். கடைசிப் பேப்பர் முடியும்வரை என்னிடம் மறைத்தார்கள். ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது சாம்பலும் கரைத்தாயிற்று. அதை நான் இன்றுவரை ஒருவருக்கும் மன்னிக்கவில்லை.

"நான் சொல்லப்போறன்" என்றேன்.

"பெத்த தாய் வேண்டாமெண்டு சொல்லுறா. இடையில நீங்கள் ஆர்?" என்றாள் மனைவி. "தகப்பனைப் பாக்கப் போய்க் காரும் இல்லையெண்டால் அந்தப் பெடியன் என்ன செய்வான்?"

அன்று மாலை அவன் எங்களோடு இருந்து சாப்பிட்டான். மறுநாள் காலை வாசலில் அவன் பையைத் தூக்கிக் கொடுத்தேன். வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, கவனமாக ஓடு என்று மட்டும் சொன்னேன்.

ஞாயிறு மத்தியானம் அக்கா மறுபடி எடுத்தாள். அப்பா போய்விட்டார். பின்னேரம் அவன் வந்தான். ஆங்கிலேயனை முந்திவிட்டான்; கார் அவனுக்குத்தான். என் மனைவி சமைக்கும் சாக்கில் குசினிக்குள் போய்விட்டாள். அப்பா போய்விட்டாரென்று நான் சொன்னேன்.

"அப்பா பிழைக்க மாட்டாரென்று தெரியும்" என்றான் ஆங்கிலத்தில். சொந்தக்காரர் ஒருவர் அணிக்குப் போன் எடுக்க, அணி முகாமையாளர் வெள்ளிக்கிழமையே அவனிடம் சொல்லிவிட்டாராம். போவதும் விடுவதும் உன் விருப்பம், ஆனால் கார் காத்திருக்காது என்றாராம்.

"அப்போது ஏன் போகவில்லை?"

தோளிலிருந்த பையை இறக்கித் தரையில் வைத்தான்.

"எனக்கு முன்பே தெரியுமென்று அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்" என்றான். "தான் சொல்லாததால்தான் நான் வரவில்லை என்று அம்மா நினைக்கட்டும். தெரிந்தும் வராதவன் என்று நினைக்கக் கூடாது."

பிறகு போனை எடுத்துத் தாயை அழைத்தான். மறுமுனையில் தாய் சொல்வதைக் கேட்டான். அந்தக் கணத்தில்தான் முதன்முதலாகக் கேள்விப்பட்டவன் போல, எங்கள் வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதான்.