சிவப்பு ஆண் ஒன்று கிடைக்குமா?

போன ஞாயிற்றுக்கிழமை திருச்சுழி பஸ்ஸில் வந்து இறங்கினான் கருப்பசாமி. என் மனைவியின் தம்பி. வந்ததும் வராததுமாக ஹாலில் இருக்கும் கண்ணாடித் தொட்டியைத்தான் பார்த்தான். அதில் தண்ணீர் இல்லை. பழைய பேப்பர் கிடந்தது.

"மீனு எங்க மச்சான்?"

"செத்துப்போச்சு மாப்ள. சித்திரை வெயில்ல."

"நான் குடுத்த செவப்பா?"

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

மானாவாரி நிலம் கைவிட்ட பிறகு, நாலு சிமெண்ட் தொட்டியில் கப்பி மீன் வளர்த்துப் பிழைக்கிறவன். அவன் தொட்டியில் தானாக ஒரு ரகம் வந்தது — நெருப்புச் சிவப்பு, முதுகில் கறுப்புப் புள்ளி. அதற்காகவே மதுரைக் கடையிலிருந்து வண்டி வரும். இப்போது பிறக்கிற குஞ்செல்லாம் சாம்பல். வண்டி வருவதில்லை. கடையில் கேட்டுப் பார்த்தானாம். அங்கேயும் ஒன்றுகூட மிச்சமில்லை.

என்ன நடந்தது? கருப்பசாமி வெள்ளாடு வளர்த்தவன். கிடாவை விற்பான், பெட்டையை வைத்துக்கொள்வான். மீனிலும் அதையே செய்தான். சிவப்பான ஆண்களையெல்லாம் அள்ளிக் கொடுத்துவிட்டு, கடைக்காரர் கழித்துப் போட்ட மங்கல் ஆண்களைப் பெட்டைகளோடு விட்டான். கப்பியில் அந்த மாதிரி நிறம் பெரும்பாலும் அப்பனிடமிருந்து மகனுக்குப் போகிற சொத்து. அம்மாவால் தர முடியாது.

ஆற்றில் பளிச்சென்று தெரிகிற கப்பியைப் பெரிய மீன் தின்னும். தலைமுறை போகப் போக மங்கல்தான் மிஞ்சும். இங்கே தின்றது மதுரை வண்டி.

"ஏலே, கம்பு விதைக்கு நல்ல கதிரத்தான எடுத்து வைப்ப?" என்று கத்தினேன்.

"அது விதை. இது மீனு. ஒங்களுக்குத் தெரிஞ்சா அப்பவே சொல்ல வேண்டியதான?"

எனக்கு எங்கே தெரியும்? அவன் போனில் புலம்பிய பிறகுதான் நானே படித்தேன்.

கோபம் அவன் மேல் மட்டும் இல்லை. படிப்பு ஏறினவனையெல்லாம் பஸ் ஏற்றி அனுப்பிவிட்டு, என்னைப் போன்ற மிச்சத்தை வைத்துக்கொண்டு, ஊர் ஏன் உருப்படவில்லை என்று கேட்கிற ஆட்கள்தானே நாம்?

"பொறவு ஒரு பெட்டைய வாங்கி விட்டிருப்பீக, குஞ்சாச்சும் போட்டிருக்கும்னு நம்பி வந்தேன் மச்சான்…" என்றான்.

எப்படிப் போடும்? மீனைக் கொடுத்த அன்றைக்கு அவன் ஜோடியாகத்தான் கொண்டுவந்தான். பெட்டைக்கு நிறமே இல்லை, ஹாலுக்கு நன்றாக இருக்காது, ஆண் மட்டும் போதும் என்று திருப்பி அனுப்பியது நான்தான்.

கடைசிச் சிவப்பு என் வீட்டில் ஒண்டியாக நீந்திச் செத்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.