அக்கா தின்ற புளியங்காய்

போன மாதம் இண்டூரில், எங்களோடு விடுதியில் படித்த ஒருத்தியின் குழந்தைக்குக் காது குத்தினார்கள். சாப்பாடு முடிந்ததும் பழைய விடுதிப் பிள்ளைகள் நாலைந்து பேர் மாடியில் சாமியானா நிழலில் உட்கார்ந்தோம். எல்லாருக்கும் இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள். பேச்சு பிள்ளைகளின் சளியில் தொடங்கி, பள்ளிக்கூட வேனுக்குப் போய், யாரோ வெற்றிலைத் தட்டை நகர்த்தி வைத்ததும் புகையிலைக்கு வந்துவிட்டது.

"ஏன்டி, கணக்குப் போட வரியா?" என்றாள் ஒருத்தி. எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். விடுதியில் புகையிலை போடுவதற்குப் பிள்ளைகள் வைத்திருந்த பெயர் அது. யார் பாவாடை மடிப்பில் ஒளித்தாள், யார் துப்பத் தெரியாமல் சட்டையைக் கறையாக்கினாள் என்று ஒவ்வொன்றாக வந்தது. ஒருத்தி இன்றும் மாமியாரின் பொட்டலத்திலிருந்தே கிள்ளிப் போடுகிறாளாம். மாமியார் பழியை மாமனார் மேல் போட்டுச் சண்டை பிடிக்கிறாராம். பிறகு என் பக்கம் திரும்பி, "உங்கக்கா எப்பிடி இருக்கா? அவதான நம்ம எல்லாருக்கும் வாத்தியாரு" என்றார்கள். நன்றாக இருக்கிறாள் என்றேன். மடியில் தூங்கிய மகளைக் காரணம் காட்டிச் சீக்கிரமே கிளம்பிவிட்டேன்.

அவர்கள் சிரித்தது தவறில்லை. அவர்களுக்குத் தெரிந்த பாதி சிரிக்கத் தக்கதுதான். மறுபாதியை நான் சரியாகச் சொல்வேனா என்பது எனக்கே சந்தேகம். அப்போது ஆறாம் வகுப்பில் இருந்தேன்.

அக்கா என்றால் பெரியப்பா மகள். பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். கடத்தூர்ப் பக்கத்திலிருந்த அந்த விடுதியில் என்னைச் சேர்த்ததே அவள் இருக்கிற தைரியத்தில்தான். எனக்குத் தலை பின்னிவிடுவாள், என் தட்டில் புழு கிடந்தால் முகம் சுளிக்காமல் எடுத்துப் போடுவாள். எங்கள் வீட்டில் பத்தாவது பரீட்சை எழுதப்போகும் முதல் பெண் அவள். பெரியம்மா அதை ஊரில் போகிற வருகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

விடுதிக்குள் புகையிலையைக் கொண்டுவந்தது சித்தேரி மலையிலிருந்து வந்த ஒரு பெண். கடைவாய்ப் பல்வலிக்கு அவள் அடக்கிக்கொண்டாள். வலி போயிற்று, புகையிலை போகவில்லை. பெரிய பிள்ளைகள் அதற்கு இன்னொரு பயனும் கண்டுபிடித்தார்கள். இருக்கிற கக்கூசோ கொஞ்சம், காலையில் வரிசையோ நீளம். வெறும் வயிற்றில் ஒரு கிள்ளு போட்டால் உள்ளே போனவுடன் வேலை முடிந்துவிடும் என்றார்கள். அக்கா அப்படித்தான் பழகினாள். துவைக்கிற கல்லுக்குப் பின்னால் போய்ப் போட்டுக்கொள்வாள், அங்கேயே துப்புவாள். சில நாள் துப்புவதற்குள் பிரார்த்தனை மணி அடித்துவிடும். வார்டன் மேடம் வாசலில் நிற்பார். சாற்றை விழுங்கிவிட்டு ஓடிவந்து வரிசையில் நிற்பாள். கொஞ்ச நேரத்தில் தலை சுற்றும். சுவரைப் பிடித்துக்கொண்டே போய் வாந்தி எடுப்பாள்.

மேடத்துக்கு மூக்கு கூர்மை. சந்தேகம் வந்தால் பிள்ளைகளை நிறுத்தி, முகத்துக்கு நேரே ஊதச் சொல்வார். அந்தச் சித்தேரிப் பெண் அப்படித்தான் மாட்டினாள். அன்று மதியமே அவள் தகரப் பெட்டி கேட்டுக்கு வெளியே இருந்தது. அதற்குப் பிறகு அக்கா வாசம் போவதற்குப் புளியங்காய் கடிக்க ஆரம்பித்தாள். விடுதி மதிலை ஒட்டிய புளியமரத்தில் அந்த மாதம் காய் பச்சையாகத் தொங்கியது. பாவாடைப் பையில் எப்போதும் இரண்டு மூன்று வைத்திருப்பாள். அவளுக்குப் பறித்துக் கொடுப்பது என் வேலை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவள் கடிப்பதைப் பார்த்தால் எனக்குப் பல் கூசும்.

ஆக, வெளியே தெரிந்தது இவ்வளவுதான். ஒரு பெரிய பெண் காலையில் வாந்தி எடுக்கிறாள், தலை சுற்றுகிறது என்கிறாள், யாருக்கும் தெரியாமல் புளியங்காய் தின்கிறாள். இதையெல்லாம் சேர்த்துப் பார்க்கும் வயதில் இருந்தவர்கள் சேர்த்துப் பார்த்துவிட்டார்கள்.

மேடம் எங்களை ஒவ்வொருத்தியாக அறைக்குள் கூப்பிட்டுக் கேட்டார். அக்கா பஸ் ஸ்டாண்டுப் பெட்டிக்கடைக்குப் போவாளா, அங்கே யாரிடம் பேசுவாள் என்பதுதான் கேள்வி. புகையிலை அந்தக் கடையில்தான் வாங்குவது. விஷயம் வெளியே வந்துவிட்டது என்று நாங்கள் நடுங்கினோம். எல்லாரும் ஒரே மாதிரி, அக்கா அந்தப் பக்கம் போனதே இல்லை என்று சத்தியம் செய்தோம். கடைப்பக்கம் அவளைத் தன் கண்ணாலேயே பார்த்திருந்த மேடத்துக்கு, எதை மறைக்கிறோம் என்பதில் அதற்குப் பிறகு சந்தேகமே இருக்கவில்லை. அக்கா வயிற்றில் குழந்தை இருக்கிறதோ என்று அவர் பயந்துபோயிருந்தார். எங்களில் சின்னப் பிள்ளைகள் யாருக்கும் அது தெரியாது.

அந்த மேடம் கெட்டவரில்லை. இதை எழுதும்போதும் நிறுத்தி நிறுத்தி யோசிக்கிறேன். அவர் இடத்தில் நான் இருந்தால் கேட்காமல் இருந்திருப்பேனா? கேட்காமல் விட்டு, நிஜமாகவே ஏதாவது ஆகியிருந்தால்? போன வாரம் என் மகள் பால்வாடியிலிருந்து வந்து வாந்தி எடுத்தாள். என்ன தின்றாய், யார் கொடுத்தது என்று நான் கேட்ட வேகத்தில் குழந்தை அழுதுவிட்டது. எப்படிக் கேட்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

மேடம் அக்காவைச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போனார். அன்று புதன்கிழமை, குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் நாள். வராந்தா முழுக்கப் பெண்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் நர்ஸ் சத்தமாக விவரம் கேட்டு, சிறுநீர் பிடித்துவர அக்காவின் கையில் சின்ன டப்பாவைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். சோதனையில் ஒன்றும் இல்லை. ஆனாலும் ஒரு வாரம் கழித்து மறுபடி பார்த்துவிடலாம் என்றார்களாம்.

திரும்பி வந்த அக்கா என்னைத் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். முகம் வெளுத்திருந்தது.

"யாரு என்ன கேட்டாலும் வாயத் தொறக்காத. அவங்க நெனைக்கிறது ஒண்ணுமே இல்லேன்னு அடுத்த வாரம் அவங்களுக்கே தெரிஞ்சுரும். பொயல விசயம் தெரிஞ்சுதுன்னா இன்னிக்கே பெட்டியத் தூக்கிப் போட்டுருவாங்க. எனக்குப் பரிச்ச போயிரும்."

அவர்கள் நினைப்பது என்ன என்று நான் கேட்கவில்லை. தலையாட்டினேன்.

அடுத்த வாரம் வரை யாரும் பொறுக்கவில்லை. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் பெரியம்மா வந்துவிட்டார். பெரியப்பா வரவில்லை. மேடத்தின் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பெரியம்மா அக்காவை அடித்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். யாரென்று சொல், யாரென்று சொல் என்று கேட்டுக்கேட்டு அடித்தார். அக்கா கையால் தலையை மறைத்துக்கொண்டு நின்றாள். வாயைத் திறக்கவில்லை. மேடம் குறுக்கே வந்து தடுத்துப் பார்த்தார், முடியவில்லை. அக்காவின் உதடு கிழிந்து ரத்தம் வந்ததும் எனக்குச் சத்தியம் மறந்துவிட்டது. துவைக்கிற கல்லுக்கு ஓடி, சந்தில் செருகியிருந்த பொட்டலத்தை எடுத்து வந்து, கதவைத் தள்ளித் திறந்து மேடத்தின் மேசை மேல் வைத்தேன். அக்கா பொயல போடுகிறாள், அதை முழுங்கித்தான் வாந்தி எடுக்கிறாள், வாசம் போகத்தான் புளியங்காய் தின்கிறாள் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அழுதேன்.

பெரியம்மாவின் கை அப்படியே நின்றது. அக்காவைப் பார்த்தார். அவள் ஆமென்று தலையை அசைத்தாள். பெரியம்மா தரையில் உட்கார்ந்து, என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, "பொயலயா? பொயலதானா சாமி?" என்று அழுதார், சிரித்தார். என் தலையில் முத்தம் கொடுத்தார். மேடம் பொட்டலத்தை முகர்ந்து பார்த்தார். அவர் முகத்திலும் ஏதோ இறங்கியது. இனிமேல் இதைத் தொட்டால் பார் என்று அக்காவிடம் சொன்னார். அவ்வளவுதான். பெட்டியைத் தூக்கிப் போடுகிற பேச்சே இல்லை. இவ்வளவு பெரிய குற்றத்துக்கு ஏன் எல்லாரும் சந்தோஷப்படுகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

அக்கா மட்டும் சந்தோஷப்படவில்லை. கிழிந்த உதட்டைத் துடைத்துக்கொண்டு அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரியம்மா கண்ணைத் துடைத்தார், கொண்டையை முடிந்துகொண்டார், பெட்டியை எடு என்றார். மேடம் பதறிவிட்டார். பரீட்சை பக்கத்தில் இருக்கிறது, நல்ல மார்க் வாங்குகிற பெண், நான் பொறுப்பு என்று எவ்வளவோ சொன்னார்.

"நீங்க நல்லதுக்குத்தான் பண்ணீங்க மேடம்" என்றார் பெரியம்மா. "ஆஸ்பத்திரியில எங்க பக்கத்து வூட்டு மருமவ கொழந்தைக்கு ஊசி போட வந்து உக்காந்திருந்துச்சு. நீங்க எனக்குப் போன் பண்றதுக்கு முந்தியே ஊருக்குச் சேதி வந்துருச்சுங்க. ஒண்ணுமில்லேன்னு நான் வூடு வூடாப் போயி சொன்னாலும் யாரு நம்பறது? கேட்ட சேதி கேட்டதுதானுங்க."

மேடம் கேட் வரை கூடவே வந்தார்.

அந்த வைகாசியில் அக்காவுக்குக் கல்யாணம் ஆயிற்று. சேதி பரவுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று அவசரமாகப் பார்த்த இடம். அவசரத்தில் பார்த்த இடம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. பரீட்சையை அவள் எழுதவில்லை. உண்மையைச் சொன்னதற்காக என்னை அவள் ஒருநாளும் குறை சொன்னதில்லை. சொல்லாமல் இருந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும் என்று இப்போது எனக்குத் தெரியும். தெரிந்தும், சில நாட்களில் நம்ப முடிவதில்லை.

பெட்டியோடு அவர்கள் கிளம்பிய அன்று நான் கேட்டருகே நின்று அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரே பஸ் நிறுத்தத்தில் அக்கா பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள். பெரியம்மா இடுப்பிலிருந்து தன் புகையிலைப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். ஒரு துண்டு கிள்ளித் தன் வாயில் போட்டுக்கொண்டு, இன்னொரு துண்டை அக்காவிடம் நீட்டினார். அக்கா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாள். நடுரோட்டில், பகலில், அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து. எனக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்? மன்னித்துவிட்டார்கள் என்றுதானே அர்த்தம். திங்கட்கிழமை அக்கா வந்துவிடுவாள்.

சாயங்காலம் சோற்று வரிசையில் அவள் தட்டையும் கழுவி எடுத்துக்கொண்டு நின்றேன். அது யாருக்கு என்று சமையல்காரம்மா கேட்டார். அக்காவுடையது, தூசு படியக்கூடாது என்று கழுவினேன், பிரச்சனையெல்லாம் தீர்ந்துவிட்டது என்றேன். அவர் என்னைப் பார்த்தார். இரண்டு தட்டிலும் சோறு போட்டார்.

இரண்டையும் நானே சாப்பிட்டேன். அக்காவைக் காப்பாற்றிய நாள் அல்லவா, எனக்கு நல்ல பசி.