நாலு சொந்தக்காரர் கேட்டார், இருபத்து மூன்று பேர் போனோம்

1. முதல் நாள், முதல் போர்வை

தெருவில் படுப்பவர்களைக் கூட்டிவந்து தங்கவைக்கும் காப்பகம் ஒன்று செங்கல்பட்டில் இருக்கிறது. அதில் களப்பணியாளனாக நான் சேர்ந்தபோது எனக்கு வயது நாற்பத்தாறு. அதற்கு முன் பிளாஸ்டிக் பைப் கம்பெனியில் சேல்ஸ்மேன். வாய் ஒன்றுதான் எனக்குத் தெரிந்த தொழில்.

முதல் நாள் விடியற்காலை மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு கட்டுப் போர்வையோடு அனுப்பினார்கள். பெஞ்சில் ஒருவர் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தார். நான் அருள் பொங்க அவர்மேல் போர்வையைப் போர்த்தினேன். அவர் துள்ளி எழுந்தார்.

"யோவ்! இன்னாய்யா, பொணத்துக்குப் போத்துற மாதிரி போத்துற?"

பக்கத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்த ஒரு பெண் சிரித்தாள்.

"சார், அவுரு பஸ் ட்ரைவரு. மொத ட்ரிப்புக்காக வெயிட் பண்ணிகினு கீறாரு. இங்க படுக்கறவ நான்தான். போர்வைய இப்டி குடு."

அவள்தான் வசந்தா. நாற்பத்தைந்து வயதிருக்கும். கணவர் இறந்தபின் வாடகை வீடு போய், பிறகு ஒவ்வொன்றாக எல்லாம் போய், பஸ் ஸ்டாண்டு வரை வந்திருந்தாள். வாய் மட்டும் போகவில்லை.

2. ஒண்டிக்கட்டைக்கு வீடு இல்லை

எங்கள் தொழிலில் கூட்டிவருவதை 'ரெஸ்க்யூ' என்போம். அது சுலபம். திரும்ப ஊருக்குள் ஒரு வீட்டில் குடிவைப்பதுதான் பெரிய பாடு.

வசந்தா காப்பகத்துக்கு வந்து ஒரு வருடத்தில் சமையலறையைக் கைப்பற்றிவிட்டாள். அவள் கைக் காரக்குழம்பைச் சாப்பிட்டுப் பார்த்த ஒரு நன்கொடையாளர் அம்மா, அணுபுரத்தில் தன் வீட்டுக்கும் பக்கத்து இரண்டு வீடுகளுக்கும் சமைக்க வரச்சொன்னார். திங்கட்கிழமை வேலையில் சேரவேண்டும். காலை ஆறரைக்கே அடுப்படியில் நிற்கவேண்டும். செங்கல்பட்டிலிருந்து அந்நேரத்துக்குப் போய்ச்சேர முடியாது. பஸ் வசதியாகத் திருக்கழுக்குன்றத்தில் ஒரு அறை பார்த்தாக வேண்டும். அறை கிடைக்காவிட்டால் வேலை வேறொருவருக்குப் போய்விடும்.

ஐந்து வீட்டுக்காரர்கள் கையை விரித்தார்கள். எல்லாருக்கும் ஒரே கேள்வி: "கூட யாரு இருக்காங்க?" யாரும் இல்லை என்றதும் கதவு பாதி மூடும். அந்தக் கதவிடுக்கில் நான் பைப் விற்ற அனுபவம் முழுவதையும் காட்டியும் பலனில்லை.

ஆறாவது ஆள் தணிகாசலம். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். மலையடிவாரத்துக்குப் பக்கத்துத் தெருவில் வீடு. அறையைக் காட்டினார். ஒரு ஜன்னல், ஒரு குழாய். வசந்தா குழாயைத் திறந்து மூடினாள், திறந்து மூடினாள். அப்போது அவள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

"பொண்ணு டீசன்ட்டாத்தான் கீது," என்றார் தணிகாசலம். "ஆனா நாதியத்த ஆளுக்கு வூடு வுட்டு, நாளைக்கி ஒரு காய்ச்சல்னா நான் யாரைக் கூப்புடறது? வியாழக்கெழம பால் காய்ச்சுங்க. சொந்தம்னு சொல்லிகினு நாலு பேரு வரட்டும். பாத்துட்டு சாவி தரேன்."

நாலே நாலு பேர். சேல்ஸ்மேனுக்கு இது ஒரு டார்கெட்டா?

3. வாட்ஸ்அப்பில் உறவு தேடல்

காப்பகத்துக்கு உதவுகிறவர்களுக்கென ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அரிசிக் கடைக்காரர், ஆட்டோ ஸ்டாண்டு ஆட்கள், முட்டுக்காட்டில் படகு ஓட்டுகிறவர்கள், பஜாரில் தலையணைக் கடை வைத்திருக்கும் பாஷா பாய் எல்லாரும் அதில் இருக்கிறார்கள். நான் எழுதினேன்: 'வசந்தாவுக்கு வீடு கிடைக்க நாலு சொந்தக்காரர்கள் தேவை. வியாழன் காலை ஒன்பது மணி. பால் காய்ச்சுகிறோம்.'

பைப் கம்பெனியில் நான் கற்ற பாடம் ஒன்று: பத்துப் பேர் 'வரேன்' என்றால் ஒருவர் வருவார். ஆகவே நாலு பேர் வரவேண்டுமென்றால் நாற்பது பேரிடம் சொல்லவேண்டும். அந்தச் செய்தியையே மூன்று நாள் காலையும் மாலையும் போட்டேன். தனித்தனியாகவும் போன் செய்தேன். ஒவ்வொருவரிடமும், "அண்ணாத்த, உங்களைத்தான் நம்பிகினு கீறேன்," என்றேன்.

நான் மறந்தது, அது பைப் இல்லை என்பதை.

4. பால் பொங்குமுன்

வியாழன் காலை ஒன்பதுக்கு நான், வசந்தா, பாஷா பாய், ஆட்டோ முருகன் நாலு பேரும் போய் இறங்கினோம். பாத்திரம், பால், சர்க்கரை, வெற்றிலை பாக்கு, பேப்பர் கப், பூ, கற்பூரம் எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். பட்டியல் போட்டு எடுத்துவைத்தவன் நான். அடுப்பு இல்லை.

தணிகாசலம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அடுப்பு இல்லாம பால் காய்ச்ச வந்த மொத குடும்பம் நீங்கதான்யா," என்று சொல்லிவிட்டுத் தன் வீட்டு ஒற்றை அடுப்பையும் சின்ன சிலிண்டரையும் கொண்டுவந்து வைத்தார். "நீ இன்னா ஒறவு?"

"அண்ணன்," என்றேன்.

"சார், கற்பூரம் எங்க வெச்சீங்க?" என்று வசந்தா என்னைக் கேட்டாள்.

"கூடப் பொறந்த அண்ணனை சாருன்னுதான் கூப்புடுவியா?" என்றார் தணிகாசலம். நான் கற்பூரத்தைத் தேடுவதில் மும்முரமானேன்.

ஒன்பதேகாலுக்கு முதல் வேன் வந்தது. முட்டுக்காடு படகுக்காரர்கள், ஆறு பேர். அப்புறம் இரண்டு ஆட்டோ. அப்புறம் அரிசிக் கடைக்காரர், மனைவி, மச்சினியோடு. பலர் கையிலும் ஒரு சதுரமான பொட்டலம், ஜிகினாக் காகிதம் சுற்றியது. வெறுங்கையோடு புது வீட்டுக்குப் போகக்கூடாது என்பது நம் ஊர்ப் பழக்கம். புது வீடு என்றால் சுவர்க் கடிகாரம் என்பதும் நம் ஊர்ப் பழக்கம். ஒரே ஜன்னல் உள்ள அந்தப் பத்தடி அறைக்கு எட்டுச் சுவர்க் கடிகாரங்கள் வந்து சேர்ந்தன. தட்டு வரவில்லை, கோரைப்பாய் வரவில்லை.

"பாய், நீங்களுமா? தலாணி கொண்டாந்திருக்கலாமே," என்றேன்.

"தலாணிக் கடைக்காரன் தலாணி குடுத்தா, விக்காத சரக்கத் தள்ளிவுட்டான்னு சொல்லுவாங்கப்பா," என்றார் பாஷா பாய், தன் கடிகாரத்தைத் துடைத்தபடி.

தணிகாசலம் வாசற்படியில் நின்றுகொண்டு ஆள்காட்டி விரலால் தலைகளை எண்ணினார். பழக்கதோஷம். என்னையும் சேர்த்து இருபத்து மூன்றில் விரல் நின்றது.

"யாருய்யா நீங்கள்லாம்?"

"அண்ணன்," என்றார் அரிசிக் கடைக்காரர்.

"அண்ணன்," என்றார்கள் ஆறு படகுக்காரர்களும்.

"பெரிய அண்ணன்," என்றார் பாஷா பாய், தாடியைத் தடவியபடி.

"ஒரு அம்மாவுக்கு இத்தினி ஆம்பளப் புள்ளையா? ஒத்தப் பொம்பளைன்னு சொன்னே. இங்க ஒரு பஸ் லோடு எறங்கிகீது! இதுங்கள்லாம் ஞாயித்துக்கெழமைக்கி ஞாயித்துக்கெழம வந்து குந்திகினா என் போர் தண்ணி தாங்குமா? வேணாம்மா. பால எறக்கி வை. வூடு இல்ல."

யாரும் இல்லை என்று ஐந்து வீடு போயிற்று. எல்லாரும் இருக்கிறார்கள் என்று ஆறாவதும் போயிற்று. இந்தப் பெருமை முழுவதும் என்னையே சேரும்.

நான் வாயைத் திறந்தேன். "சார், இவங்கள்லாம் ஒண்ணுவிட்ட, ரெண்டுவிட்ட..."

"சார், நீங்க செத்த கம்முனு இருங்க," என்றாள் வசந்தா. தணிகாசலத்தின் முன்னால் போய் நின்றாள். "இவங்க யாரும் எனக்கு ஒறவு இல்லீங்க. நான் மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டுல படுத்துகினு இருந்தவ. இவுரு காப்பகத்து சாரு. நீங்க நாலு பேரு கேட்டீங்க, இவுரு ஊரையே கூட்டியாந்துட்டாரு. புத்தி கம்மி, மனசு நல்ல மனசு. எனக்குக் காய்ச்சல்னா இதுல யாரைக் கூப்ட்டாலும் வருவாங்க. கூப்டாம வரமாட்டாங்க. அதுக்கு நான் பொறுப்பு."

தணிகாசலம் எண்ணிய விரலை மடக்கிக்கொண்டார். பிறகு, "அந்த ஸ்டாண்டுல எந்தப் பக்கம் படுத்தே?" என்று கேட்டார்.

"டைம் கீப்பர் ரூமாண்ட, தூணோரம்."

"சர்வீஸ்ல இருந்தப்போ நைட் ஹால்ட்டுல நானும் அங்க படுத்துகீறேன். கொசு புடுங்கும்."

அந்நேரம் பால் பொங்கிற்று. வசந்தா ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள். பேப்பர் கப்புகளில் ஆளுக்கு இரண்டு வாய் ஊற்றினாள். கொடுத்த கையோடு வாசலையும் காட்டினாள்.

"அரிசிக்கார அண்ணா, குட்ச்சாச்சா? சந்தோசம், போய்ட்டு வா. போட்டுக்காரங்களே, அங்க டூரிஸ்ட்டு காத்துகினு இருப்பான், கெளம்புங்க. பாய், உங்க கடிகாரம் மட்டும் இருக்கட்டும், மத்த ஏழையும் எடுத்துகினு போய் எங்கனா மாட்டுங்க."

ஐந்து நிமிடத்தில் அறை காலி. தணிகாசலம் வாயைப் பிளந்து நின்றார்.

"முப்பது வருசம் சர்வீஸ்ல இத்தினி பேர ஒரே ஸ்டாப்புல நான் எறக்குனதில்லம்மா," என்றவர் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார்.

நான் மட்டும் ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். பாத்திரத்தை எங்கே வைக்கலாம், கொடியை எங்கே கட்டலாம் என்று யோசனை சொல்ல ஆரம்பித்தேன்.

"சார், நீங்களுந்தான்," என்றாள் வசந்தா.

5. இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு

குடிவைத்த பதினைந்தாம் நாள் போய்ப் பார்க்கவேண்டும், அதை 'ஃபாலோ-அப்' என்போம். எங்கள் காப்பகத்தில் படுக்கிற ஹாலுக்குள் நாங்கள் எந்நேரமும் நேராக நுழைவோம். படுக்கையோரம் நின்று, "சாப்ட்டியா? மாத்திரை போட்டியா?" என்போம். அதில் ஒரு தப்பும் இருப்பதாக எனக்குத் தோன்றியதில்லை. திருக்கழுக்குன்றத்திலும் அதே பழக்கத்தில் கதவைத் தள்ளினேன். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. நெற்றியில் இடித்துக்கொண்டேன்.

வேறு வழியில்லாமல் தட்டினேன்.

"யாரு?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

பஸ் ஸ்டாண்டில் படுக்கிறவர்கள் யாரிடமும் கேட்க முடியாத கேள்வி அது. எங்கள் ஹாலிலும் அவள் கேட்டதில்லை. கேட்க நாங்கள் விட்டதில்லை. நான் பேரைச் சொன்னேன்.

"எண்ணெ காஞ்சிகினு கீது. செத்த நில்லுங்க சார்."

நின்றேன். பிள்ளைகளே, போர்வை, அடுப்பு, கடிகாரம் எல்லாவற்றிலும் நீங்கள் தப்புப் பண்ணலாம், நான் பண்ணாததா. ஆனால் ஒரு ஆளைக் குடிவைத்த பிறகு கதவைத் தட்டுங்கள். 'யாரு' என்று கேட்டால் பதில் சொல்லுங்கள். திறக்கும்வரை வெளியே நில்லுங்கள்.