தூங்கும் கரடிகள்

கட்டிங் மாஸ்டரின் மேஜை முழுக்கக் கரடிகள் தூங்கிக்கொண்டிருந்தன. குப்புறப் படுத்த கரடி, மல்லாந்த கரடி, நிலாவைக் கட்டிப் பிடித்த கரடி. குழந்தைகளின் இரவுச் சட்டைக்கு வந்த துணி அது. ஊரில் இத்தனை துணி இருக்க, இந்த வாரம் பார்த்து இதுதான் வந்து வாய்த்தது அவருக்கு.

மகள் பிறந்து இரண்டு மாதம். பகலெல்லாம் தூங்குவாள். விளக்கை அணைத்தால் விழித்துக்கொள்வாள். தோளில் போட்டு முதுகில் தட்டிக்கொண்டே இருந்தால் கண் செருகும். தட்டுகிற கை நின்றால் திறந்துவிடும். இரவை அவரும் மனைவியும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பங்காளிகள் நிலம் பிரித்த கதைதான். தனக்கு விழுந்தது சின்னத் துண்டு என்று இருவருமே நினைத்தார்கள்.

தையல் பட்டறையில் யோசனைக்குப் பஞ்சமில்லை.

"குழந்தை தூங்கும்போதே நீங்களும் தூங்கிடணும் மாஸ்டர்" என்றார் அயர்ன்காரர். அவருக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை.

"அது தூங்குறது பகல்ல. இந்த மேஜை மேலயே படுத்துக்கட்டுமா? நீங்க வந்து மேல ஒரு இழுப்பு இழுத்து விடுங்க, சுருக்கமாவது போகும்."

"தைலம் தேய்ச்சுப் பாத்தீங்களா?" என்றாள் செக்கிங் அக்கா, தைத்து வரும் துணிகளைச் சரிபார்ப்பவள்.

"யாருக்கு? எனக்கா, அதுக்கா?"

அக்கா சிரித்துவிட்டு, "கண்ணு ரெண்டும் சிவந்து கெடக்கு. வெட்டுறதுக்கு முன்னாடி, துணியில நீங்க போடுற கோட்ட நான் ஒரு தடவ பாக்கட்டுமா?" என்றாள்.

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. அவர் போட்ட கோட்டை இதுவரை யாரும் சரிபார்த்ததில்லை. "நான் வெட்டுறத இன்னொருத்தர் பாக்கணும்னா, அப்புறம் நான் எதுக்கு? உங்க வேலையப் பாருங்கக்கா."

துணி அடுக்கடுக்காக விரிந்திருந்தது. சட்டைக் கைக்கான அளவு அட்டையை வைத்துக் கோடு போட்டார். அடுத்த கைக்கு அட்டையைத் திருப்பி வைக்க வேண்டும். ஒன்று இடது, ஒன்று வலது. மாஸ்டர் அட்டையை நகர்த்தினார், திருப்பவில்லை. அப்படியே வரிசையாக நகர்த்திக்கொண்டே போனார். வெட்டும் மிஷினை ஓட்டினார். வெட்டு வெண்ணெய் போல் போனது.

சாப்பாட்டு நேரம் முடிந்ததும் அக்கா இரண்டு கைகளை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"மாஸ்டர், இந்தப் பிள்ளைங்க யாருக்கும் வலது கையே கிடையாதா?"

பிடுங்கிப் பார்த்தார். கட்டைப் பிரித்து வேறு இரண்டை எடுத்தார். எல்லாம் இடது கை. வெள்ளைத் துணியாக இருந்தால் மறுபக்கம் திருப்பித் தைத்துவிடலாம், யாருக்கும் தெரியாது. இதைத் திருப்பினால் கரடி உள்ளே போய்விடும்.

முதலாளி வந்து பார்த்தார்.

"என்ன மாஸ்டர் இது?"

"வீட்ல குழந்தை ராத்திரியெல்லாம்..."

"எனக்கும் மூணு புள்ளைங்க. நான் எதையாவது தப்பா வெட்டினேனா?"

"நீங்க தூங்கினீங்க முதலாளி. முழிச்சது உங்க வீட்டம்மா" என்றாள் அக்கா.

முதலாளி அவளை முறைத்தார். பிறகு மாஸ்டரிடம், "மிச்சம் இருக்கிற துணி வலது கைக்கு மட்டும்தான் வரும். நாளைக்குக் காலையில நீயே வெட்டு. அதுலயும் தப்பு வந்துச்சு, மேஜைய வேற ஆளுக்குக் கொடுத்துருவேன்" என்றார்.

இன்று ஓர் இரவு தூங்கியே தீர வேண்டும். வழியெல்லாம் மாஸ்டர் மனைவியிடம் சொல்ல வேண்டிய சொற்களை அடுக்கிக்கொண்டு போனார். கோபமாகச் சொன்னால் காரியம் கெடும். கெஞ்சலாகச் சொல்ல வேண்டும். இன்னிக்கு ஒருநாள் மட்டும்.

கதவைத் திறந்த மனைவியின் தோளில் குழந்தை. அவள் ரவிக்கையை முன்பின்னாகப் போட்டிருந்தாள்.

"இன்னிக்கு ஒருநாள் மட்டும் நீங்க முழுசாப் பாத்துக்கங்க. அடுப்புல வெறும் பாத்திரத்த வச்சுட்டு உக்காந்திருக்கேன். கருகினப்புறம்தான் தெரிஞ்சுது."

அடுக்கிய சொற்கள் எல்லாம் சரிந்தன.

"பகல்ல அது தூங்கும்போது நீ என்ன பண்ற?"

அயர்ன்காரர் சொன்னதையே தானும் சொல்லிவிட்டது, சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது.

"என்ன பண்றேனா? உங்க சட்டைய யாரு துவைச்சா? நேத்து உங்க பங்குல நீங்க விட்ட குறட்டைல நான்தான் எந்திரிச்சேன்."

"நான் குறட்டை விட்டேனா? ஒரு கட்டுத் துணி முழுசும் இடது கையா வெட்டிட்டு வந்திருக்கேன்டி. நாளைக்கும் தப்பா வெட்டினா மேஜை போச்சு."

"எல்லாமே இடதா?" என்றாள். சிரிப்பு வந்தது அவளுக்கு. அவருக்கு வரவில்லை. சிரித்துக்கொண்டே அழ ஆரம்பித்தாள். குழந்தையும் சேர்ந்துகொண்டது. அவர் குழந்தையை வாங்கிக்கொண்டார். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

அந்த இரவு முந்தைய இரவைப் போலத்தான் போனது.

காலையில் மிச்சத் துணியை விரித்து, அட்டையைத் திருப்பி வைத்துக் கோடு போட்டார். மிஷினைக் கையில் எடுத்தார். சரியாக இருந்தது. நேற்றும் இப்படித்தான் சரியாக இருந்தது. மிஷினைக் கீழே வைத்தார்.

"அக்கா" என்று கூப்பிட்டார். குரல் அவருக்கே பிடிக்கவில்லை. "வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாருங்க."

அயர்ன்காரர் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். அக்கா கிண்டல் செய்வாள் என்று மாஸ்டர் காத்திருந்தார். அவள் செய்யவில்லை. ஒவ்வொரு கோடாக விரல் வைத்துப் பார்த்தாள்.

"எல்லாம் வலதுதான். வெட்டுங்க" என்றாள். பிறகு, "ஏன் மாஸ்டர், துணிய எதுக்குத் தட்டிக்கிட்டே இருக்கீங்க?"

குனிந்து பார்த்தார். அவருடைய இடது கை கரடிகளின் முதுகில் தட்டிக்கொண்டிருந்தது. நிறுத்த வேண்டும் என்று நினைத்தார். நிறுத்தினால் முழித்துக்கொள்ளும் போலிருந்தது.